மூலம்னு நெனச்சு 14 மாசம்

2023 பிப்ரவரியில் ஆரம்பித்தது. பள்ளியில் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுக்கிற சமயம். இரண்டு மூன்று நாளாக எனக்கே வயிறு சரியில்லை. காலையில் இரண்டு தடவை, மதியம் ஒரு தடவை, அதுவும் சளி மாதிரி வழவழவென்று போனது. புழுவாகத்தான் இருக்கும் என்று நானும் ஒரு மாத்திரையை மென்று விழுங்கினேன். மூன்றாவது வாரம் முதல் தடவையாக ரத்தம் பார்த்தேன். தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி சட்னிக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு எட்டு நாள் ஆனது. அத்தையிடம் சொல்ல இரண்டு மாதம். சரியான டாக்டரிடம் சொல்ல 14 மாதம்.

நான் திண்டுக்கல்லில் இருக்கிறேன். செம்பட்டி தாண்டி ஒரு கிராமத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எனக்கு வந்தது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கிற பெருங்குடல் நோய். இந்தப் பெயரை 36 வயது வரை நான் கேள்விப்பட்டதே இல்லை. என் நிலைமையில் இப்போது யாராவது இருந்து, அவரும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பயந்துகொண்டிருந்தால், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சில இடங்கள் படிக்கக் கூச்சமாக இருக்கும். எழுதுகிற எனக்கும்தான்.

முதலில் போனது மெடிக்கலுக்கு. ரத்தம் என்று சொல்லவில்லை, "சீதபேதி மாதிரி இருக்கு" என்றேன். ஓஃப்ளாக்சசினும் ஒர்னிடசோலும் கலந்த ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாவது நாள் நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தது, மறுபடி அதே மாத்திரை, மறுபடி நின்றது. இப்படி அந்த வருஷம் ஆறு தடவை அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. பல சமயம் தானாகவே ஏறும், தானாகவே தணியும். தணிகிற நேரத்தில் நாம் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடும். எனக்கு ஆன்டிபயாடிக்குக்குப் பேர் கிடைத்தது, அப்புறம் துத்தி இலைக்கு, அப்புறம் கருணைக்கிழங்குக்கு, அப்புறம் 3,200 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு லேகியத்துக்கு. அது வேலை செய்தது என்று நம்பி இரண்டாவது டப்பாவும் வாங்கினேன். இன்றைக்கும் யாராவது "இதைச் சாப்பிட்டேன், ரெண்டே வாரத்துல நின்னுருச்சு" என்று சொன்னால் அவர் பொய் சொல்வதாக நான் நினைப்பதில்லை. ஆறு மாதம் கழித்து அவரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் மூலக் கிளினிக். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் அந்தப் போர்டைப் பார்த்திருப்பீர்கள், மூலம், பௌத்திரம், விரைவீக்கம், ஆபரேஷன் இல்லாமல் என்று. பேர் சொல்லப் போவதில்லை. உள்ளே போனதும் "ரத்தம் வருதா?" என்றார்கள், ஆமாம் என்றேன், திரைக்குப் பின்னால் அரை நிமிஷம் பார்த்தார்கள், "மூணு இருக்கு" என்றார்கள். ஊசி போட்டால் சுருங்கிவிடுமாம். முதல் தடவை 12,000. ரத்தம் நிற்கவில்லை என்று திரும்பப் போனபோது, உள்ளே இன்னும் ஒன்று தள்ளி இருக்கிறது என்று இன்னொரு 10,000. எனக்கு உண்மையிலேயே சின்னதாக மூலம் இருந்திருக்கலாம், நிறையப் பேருக்கு இருக்கும். ஆனால் மூலம் இருப்பதாலேயே வருகிற ரத்தமெல்லாம் மூலத்திலிருந்துதான் வருகிறது என்று ஆகிவிடாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறேன், சளி வருகிறதா, எடை குறைந்ததா, எதையும் அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பாதித் தப்பு என்னுடையது என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

மூலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குப் பிறகு புரிந்தது. மூலத்தில் பெரும்பாலும் மலம் இறுகிப் போகும்போது, கடைசியில் சொட்டுச் சொட்டாகவோ பீய்ச்சியோ பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் வரும், மலத்தின் மேல்பக்கம் பூசின மாதிரி இருக்கும். எனக்கு அப்படி இல்லை. இளகிப் போகும், ரத்தமும் சளியும் அதோடு கலந்தே வரும். சில நாள் மலமே இல்லாமல் வெறும் ரத்தமும் சளியும் மட்டும். போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிஷம் இன்னும் உள்ளே இருக்கிற மாதிரி கடுப்பு. அவசரம் என்றால் அப்படி ஓர் அவசரம், அடக்கவே முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும். இவற்றில் இரண்டு இருந்தாலே மூலம் என்று யார் சொன்னாலும் அதோடு விடாதீர்கள். சரி, இதெல்லாம் இல்லை, வெறும் ரத்தம் மட்டும்தான் என்றாலும் ஒரு தடவை முறையாகக் காட்டிவிடுவது நல்லது. குறிப்பாக 40 வயது தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்தவர்கள்.

அந்த நாட்களில் என் வாழ்க்கை முழுக்கப் பாத்ரூம் கணக்காகவே இருந்தது. காலை 7.50 பஸ். அதற்கு முன்னால் நான்கு தடவை போயாக வேண்டும். வெறும் வயிற்றில் ஏறுவேன், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். வழியில் எந்த ஊரில் கட்டணக் கழிப்பறை இருக்கிறது, எந்த பங்க்கில் கதவு பூட்டாமல் இருக்கும், எந்த டீக்கடைக்காரர் வீடு பின்னாலேயே இருக்கிறது என்று எல்லாம் மனப்பாடம். ஒரு தடவை செம்பட்டிக்கு முன்னாலேயே கண்டக்டரிடம் சொல்லி இறங்கி, ரோட்டோரம் இருந்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, பக்கெட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் இப்போதும் ஜன்னல் வழியே பார்ப்பேன். இன்னொரு நாள் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். அன்றிலிருந்து பையில் ஒரு மாற்று உடை, நாப்கின், கருப்புக் கவர். கல்யாணம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் ஏதாவது சாக்கு. "இவளுக்கு இப்பல்லாம் தலைக்கனம்" என்று நாத்தனார் சொன்னதாகக் காதில் விழுந்தது.

நடுவில் ஒரு பொது மருத்துவரையும் பார்த்தேன். முகம் வெளுத்திருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை எழுதினார், ஹீமோகுளோபின் 9.1. "மாதவிலக்கு அதிகமா போகுதாம்மா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஆண் டாக்டரிடம் மாதவிலக்கைப் பற்றிச் சொல்வது மலத்தைப் பற்றிச் சொல்வதைவிட எனக்குச் சுலபமாக இருந்தது, இதை யோசித்துப் பாருங்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகும், அதனால் ரத்தம் எவ்வளவு வருகிறது என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாமல் போனது. அவரே வயிற்று ஸ்கேனும் எழுதினார். எல்லாம் நார்மல். அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை நம்பித்தான் இன்னும் ஐந்து மாதம் ஓட்டினேன். சாதாரண வயிற்று ஸ்கேன் கல்லீரல், பித்தப்பை, கிட்னி, கர்ப்பப்பையை எல்லாம் நன்றாகக் காட்டும். பெருங்குடலின் உள்பக்கத் தோலில் இருக்கிற புண் அதில் பெரும்பாலும் தெரியாது. "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல" என்றால் குடலில் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. இந்த ஒரு வரியை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்!

2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். எனக்கு வாக்குச்சாவடிப் பணி. உடல்நிலையைக் காட்டி விலக்குக் கேட்டிருக்கலாம், சக ஆசிரியை ஒருவர் முதுகுவலிக்கே வாங்கினார். ஆனால் சான்றிதழில் காரணம் எழுத வேண்டுமே. எங்கள் ஹெச்.எம். அதைப் படிப்பாரே. அந்த வெட்கத்தில் போனேன். முந்தின நாள் சாயங்காலமே சாவடிக்குப் போய்விட வேண்டும். இருந்தது இரண்டு கழிப்பறை, ஒன்று பூட்டு, இன்னொன்று மைதானத்தின் அந்தக் கோடியில். இரண்டு நாள் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டு உப்பு சர்க்கரைக் கரைசலும் இளநீருமாகச் சமாளித்தேன். எனக்கு விரலில் மை வைக்கிற இடம். காலை 7 மணிக்கு ஆரம்பித்த கூட்டம் விடவே இல்லை, வெயில் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. மூன்று மணி வாக்கில் ஒரு பாட்டி வந்து விரலை நீட்டினார். மை வைக்கப் பிடித்த என் கையை அவர் பிடித்துக்கொண்டார். "என்ன தாயி, கை இப்படிச் சில்லுன்னு கெடக்கு?" அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் 6.4. எடை 49 கிலோ, ஒரு வருஷத்துக்கு முன்னால் 61. ரத்தம் ஏற்றினார்கள், இரண்டு யூனிட். ராத்திரிப் பணியில் இருந்த டாக்டர் ரொம்பச் சின்னப் பெண். கட்டிலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு வெளிக்குப் போறீங்களா?" என்றார். அழுதுவிட்டேன். 14 மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், நிறம், சளி, கடுப்பு, பஸ், எல்லாம். "இது மூலம் மாதிரி இல்லக்கா, குடலுக்குள்ள பாக்கணும்" என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அவசரத்தில் நாங்கள் தனியாரிடம் போனோம், கொலனோஸ்கோப்பிக்கும் (ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) சதைப் பரிசோதனைக்கும் சேர்த்து 9,500 ஆனது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே குடல், இரைப்பைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பணம் நெருக்கடி என்றால் முதலில் உங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தப் பிரிவு உண்டா என்று விசாரியுங்கள்.

கொலனோஸ்கோப்பி என்றாலே பலருக்கு நடுக்கம். எனக்கும் அப்படித்தான். ஆனால் கஷ்டம் அந்தக் குழாயில் இல்லை, முந்தின நாளில்தான் இருக்கிறது. இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்த பேதி மருந்தைக் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். உப்பும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு ருசி. ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிர, கால் மணிக்கு ஒரு டம்ளராகக் குடித்தால் இறங்கும். ஒரு துண்டு எலுமிச்சையை நடுநடுவே நாக்கில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி விதை, பழத்தோல் எல்லாம் வேண்டாம் என்றார்கள். விதை ஒட்டிக்கொண்டால் பார்க்கிறவருக்குத் தெரியாது. முந்தின நாள் இளநீர், தெளிந்த ரசம், வடிகட்டிய ஜூஸ், ஆனால் சிவப்பு நிறத்தில் எதுவும் கூடாது, ரத்தமோ என்று குழப்பும். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிச் சில நாள் முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குடல் முழுக்கக் கருப்பாக ஒட்டியிருக்கும். பரிசோதனைக்கு மயக்க ஊசி போட்டார்கள், ஒரு வருஷத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த அரை மணி நேரம்தான். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, கூட ஒருத்தர் கட்டாயம் வேண்டும்.

டாக்டர் படத்தைக் காட்டினார். சைக்கிளிலிருந்து விழுந்து சிராய்த்த முழங்கால் மாதிரி இருந்தது, மலக்குடலில் ஆரம்பித்து இடப்பக்கம் முழுக்க. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலின் உள்தோலைத் தாக்குகிற நோய். கூடவே பிறந்த இன்னொன்று கிரோன்ஸ் நோய், அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம், குடலின் முழுக் கனத்தையும் தாக்கும். நம் ஊரில் அதைக் குடல் காசநோயிலிருந்து பிரித்தறிவது டாக்டர்களுக்கே சிரமமாம். அதனால் சதைத் துண்டு பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, மலத்தில் அமீபா இருக்கிறதா என்கிற சோதனை எல்லாம் எழுதினார். எனக்கு எரிச்சலாக இருந்தது, இன்னும் எத்தனை டெஸ்ட் என்று. ஆனால் காசநோயோ அமீபாவோ இருக்கும்போது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் விபரீதமாகிவிடும் என்று விளக்கினார். தொற்று நோய் இல்லை. மிளகாய் சாப்பிட்டதால் வந்ததில்லை. முழுக்கக் குணமாகி மறைந்துவிடாது, ஆனால் அடக்கி வைக்கலாம், அடங்கியிருக்கும்போது மற்றவர்களைப் போலவே இருக்கலாம். ஜப்பானில் ரொம்ப வருஷம் பிரதமராக இருந்தாரே ஷின்சோ அபே, 2020இல் அவர் பதவி விலகியது இதே நோய் திரும்பியதால்தான் என்று வீட்டுக்காரர் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார். பிரதமருக்கே வந்திருக்கிறது என்பதில் எனக்கு ஏனோ ஓர் அற்ப ஆறுதல்.

பெயர்தான் பிரச்சினை. "அல்சர்" என்கிற சொல் காதில் விழுந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் டாக்டர் ஆனார்கள். நம் ஊரில் அல்சர் என்றால் இரைப்பைப் புண், நேரத்துக்குச் சாப்பிடாததால் வருவது என்றுதான் நினைப்பு. மணத்தக்காளிக் கீரை வந்தது, தேங்காய்ப்பால் வந்தது, "காலைல டிபன் சாப்பிடாம ஓடுனா இப்படித்தான்" என்று அறிவுரை வந்தது. நான் டிபன் சாப்பிடாமல் ஓடியது நோய் வந்த பிறகு! கடைசியில் நான் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, "பெருங்குடல்ல அழற்சி, மூட்டுவாதம் மாதிரி ஒண்ணு, குடலுக்கு வந்திருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தேன். அது ஓரளவு புரிந்தது.

மருந்து: குடல் அழற்சியைத் தணிக்கிற மெசலமைன் மாத்திரை தினமும், ராத்திரி படுக்கும்போது அதே மருந்தில் எனிமா, அதாவது ஆசனவாய் வழியாக ஏற்றுகிற திரவம், கூடவே பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம், வாரத்துக்கு 5 வீதம் குறைத்து எட்டு வாரத்தில் நிறுத்தம். எனிமாவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, பாட்டிலைக் கொஞ்சம் கைச்சூட்டில் வைத்திருந்து, மெதுவாக ஏற்ற வேண்டும். முதல் வாரம் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை, போகப் போக ராத்திரி முழுக்க நின்றது. விரிப்பில் பட்டால் கறை போகாது, அடியில் பழைய கருப்புத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். நோய் குடலின் கடைசிப் பகுதியில் இருந்தால் மாத்திரையைவிட இது நேராகப் போய்ச் சேரும், வெட்கப்பட்டுத் தவிர்க்காதீர்கள். கறை பட்ட விரிப்புகளை அத்தை ஒரு வார்த்தை பேசாமல் துவைத்துப் போட்டார். லேகியம் வாங்கச் சொன்னவரும் அவர்தான். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

ஸ்டீராய்டு ஒரு மாயம். நான்காவது நாள் ரத்தம் நின்றது. பசி, அப்படி ஒரு பசி. தூக்கம் போய்விட்டது, அதனால் காலையில் சாப்பிட்டதும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். முகம் உப்பிவிட்டது. பள்ளிக்குப் போனதும், "டீச்சர், இப்பதான் பூசுன மாதிரி நல்லா இருக்கீங்க" என்றார்கள். வியாதியில் வாடியபோது யாரும் கேட்கவில்லை, மருந்தில் வீங்கியபோது பாராட்டு. இந்த மாயத்தில்தான் ஆபத்தும். இது தீயை அணைக்கிற மருந்து, காலம் முழுக்கச் சாப்பிடுவதற்கில்லை, எலும்பைத் தேய்க்கும், சர்க்கரையை ஏற்றும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் தானாக வாங்கிப் போடுகிறவர்களை மருத்துவமனை வரிசையில் நானே பார்த்தேன். திடீரென்று நிறுத்துவதும் கூடாது, படிப்படியாகத்தான்.

ஆகஸ்டில் எல்லாம் சரியாகிவிட்டது. உண்மையாகவே சரி. காலையில் ஒரு தடவை, முடிந்தது. செம்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டேன். இங்கேதான் என் இரண்டாவது முட்டாள்தனம். நன்றாகத்தானே இருக்கிறோம், மாதம் 2,300 ரூபாய் மாத்திரை எதற்கு, போதாக்குறைக்கு "ரொம்ப நாள் சாப்பிட்டா கிட்னி போயிரும்" என்று ஓர் உறவினர். 2025 ஜனவரியில் யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டேன். மெசலமைன் சிறுநீரகத்தைப் பாதிப்பது அபூர்வம், அதற்காகத்தான் கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினினை அவ்வப்போது பார்க்கச் சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் முடிகிற விஷயத்துக்கு மருந்தையே விட்டேன். பிப்ரவரியில் முழங்கால் வலி, பக்கத்து கிளினிக்கில் டைக்ளோஃபினாக் ஊசி ஒன்று, பத்து நாள் மாத்திரை. என் நோயைச் சொல்லவில்லை, முழங்காலுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று. சம்பந்தம் இருந்தது, இரண்டு வகையில். இந்த வகை வலி மாத்திரைகள் அடங்கியிருக்கிற குடலைக் கிளப்பிவிடக்கூடும். அந்த மூட்டு வலியே இந்த நோயின் ஓர் அங்கமாக இருந்திருக்கலாம் என்றார் மதுரை டாக்டர்.

மார்ச்சில் ஒரு நாளைக்கு 14 தடவை. எட்டு நாள் மருத்துவமனையில், ஊசி வழியாக ஸ்டீராய்டு. பில் 74,000. எங்கள் காப்பீட்டில் 51,000 கிடைத்தது, மீதி கையிலிருந்து. காப்பீடு பற்றி ஒன்று: எங்கள் திட்டத்தில் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். மாதாமாதம் வாங்குகிற மாத்திரை, வெளிநோயாளியாக எடுக்கும் கொலனோஸ்கோப்பி எதற்கும் ஒரு பைசா கிடையாது. தனியாக பாலிசி எடுக்கிறவர்கள் இந்த நோயை மறைத்து எடுக்காதீர்கள், பின்னால் அதைக் காட்டியே கோரிக்கையைத் தள்ளுவார்கள். முன்பே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம் என்று 2024இல் குறைத்திருக்கிறார்கள், சொல்லிவிட்டுக் காத்திருப்பதே மேல்.

மொத்தக் கணக்கை ஒரு நாள் உட்கார்ந்து எழுதினேன். மூலக் கிளினிக் 22,000, லேகியம் 6,400, மெடிக்கல் மாத்திரை, ஸ்கேன், அங்கங்கே டெஸ்ட் எல்லாம் சேர்த்து 8,000. ஆக 36,400 ரூபாய், நோயின் பெயரே தெரியாமல். மாத்திரையை நிறுத்தி மிச்சம் பிடித்தது இரண்டு மாதத்துக்கு 4,600. அதனால் போனது 23,000, 41 நாள் மருத்துவ விடுப்பு, மகளின் ஆண்டு விழா.

இப்போது மெசலமைனோடு அசத்தியோபிரைனும் சாப்பிடுகிறேன். இது எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்து. ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு தடவை ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தார்கள், இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. நம் ஆசியப் பகுதி மக்களில் சிலருக்கு ஒரு மரபணு வேறுபாடு உண்டாம், அவர்களுக்கு இந்த மருந்தில் வெள்ளணுக்கள் சட்டென்று குறையும், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். ஆரம்பித்த சில வாரத்தில் அப்படி முடி கொட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே போய்விட வேண்டும். மலத்தில் கால்புரோடெக்டின் என்று ஒரு சோதனை இருக்கிறது, குடலில் அழற்சி இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும், அடிக்கடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு 2,500 ஆகிறது, வருஷத்துக்கு இரண்டு தடவை. ஆரம்பத்திலேயே யாராவது இதை எழுதியிருந்தால் ஸ்கேனுக்குப் பதில் இது காட்டிக் கொடுத்திருக்கும்.

சாப்பாட்டைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த நோய்க்கென்று தனியாக ஒரு பத்தியம் கிடையாது என்றுதான் எனக்குச் சொன்னார்கள். கிளம்பியிருக்கும்போது இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், முட்டை, தோல் சீவிய காய். நார் அதிகமுள்ள கீரைத்தண்டு, சுண்டல், பச்சைக் காய்கறி அப்போது வேண்டாம். அடங்கியிருக்கும்போது எல்லாமே. எனக்குப் பால் ஆகவில்லை, தயிர் ஆகிறது, இன்னொருவருக்கு நேர்மாறாக இருக்கலாம். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் நமக்கே தெரிந்துவிடும். பயத்தில் எல்லாவற்றையும் ஒதுக்கி எலும்பும் தோலுமாகிவிடாதீர்கள், நான் 49 கிலோவுக்கு வந்ததில் பாதி பட்டினியால்.

பள்ளியில் கை கழுவும் தினம் கொண்டாடுகிறோம், குடற்புழு தினம் கொண்டாடுகிறோம். மே 19 உலகக் குடல் அழற்சி நோய் தினமாம். கோடை விடுமுறையில் வருகிறது, அதனால் நாங்கள் கொண்டாட வாய்ப்பில்லை. ஆனால் நான் ஒன்று செய்தேன். போன ஜூனில் பள்ளி திறந்ததும் ஹெச்.எம்.மிடம் போய் நோயின் பெயரைச் சொன்னேன், என்ன செய்யும் என்றும் சொன்னேன், பாடம் நடுவே சொல்லாமல் ஓடுவேன், யாராவது வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் ஒரு நிமிஷம் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆசிரியர் கழிப்பறைச் சாவியில் ஒன்றை எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டார். இந்தச் சாவிக்காகவா 14 மாதம் பயந்தேன் என்று இருந்தது.

நோய் ஆரம்பித்து எட்டு வருஷம் ஆனால் புற்றுநோய் இருக்கிறதா என்று குடலை முழுக்கப் பார்க்க வேண்டும், அதன் பிறகு டாக்டர் சொல்கிற இடைவெளியில் தொடர வேண்டும். எனக்கு அது 2031. அந்த வருஷம்தான் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. தேர்வு முடிந்து மே மாத விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம் என்று பீரோ கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவள் அதைப் படித்துவிட்டு, "அம்மா, அப்ப நான்தான் உனக்குக் கூட வருவேன், அப்பா வேண்டாம்" என்கிறாள்.